பந்து கைக்கு வந்ததும் பதறுகிறதா? முதலில் காலைக் கவனி

கேள்வி:

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். பிளஸ் ஒன் படிக்கிறேன். ஏழாம் வகுப்பிலிருந்து நீச்சல் பழகுகிறேன். 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் மாவட்டப் போட்டிகளில் பரிசு வாங்கியிருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் எங்கள் கோச் என்னை வாட்டர் போலோ (தண்ணீரில் மிதந்தபடி பந்தைக் கோலுக்குள் எறியும் ஆட்டம்) அணியில் சேர்த்தார். நீச்சலில் எனக்குப் பின்னால் வருபவர்கள்கூட இதில் நன்றாக ஆடுகிறார்கள். எனக்கு ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது. பந்து வந்தால் பதறிப்போய்ப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுகிறேன். யாராவது மேலே விழுந்து அமுக்கினால் பயந்து ஒதுங்கிவிடுகிறேன். "வாயைத் திறந்து பந்தைக் கேளு" என்று கோச் திட்டுகிறார். எனக்கு இயல்பாகவே தைரியம் கிடையாதா? கடலில் பழகினால் சரியாகுமா? அடுத்த வருஷம் பொதுத்தேர்வு. "இந்தப் பந்து விளையாட்டால் என்ன வரப்போகுது" என்று அப்பா கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று குறைகளைச் சொல்லிவிட்டு, மூன்றுக்கும் சேர்த்து "தைரியம் கிடையாது" என்று நீயே தீர்ப்பும் எழுதிவிட்டாய். அதைக் கொஞ்ச நாள் தள்ளி வை. நீ எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கோளாறு மனதில் இருப்பதாகத் தெரியவில்லை, இடுப்புக்குக் கீழே இருக்கிறது.

நீச்சல் போட்டியில் உடம்பு படுத்த நிலையில் போகிறது. தலை முதல் கால் வரை தண்ணீரே தாங்கிக்கொள்ளும். வாட்டர் போலோவில் பாதி நேரத்துக்கு மேல் நிமிர்ந்தபடி மிதக்க வேண்டும். தலையும் தோளும் எறியும் கையும் தண்ணீருக்கு மேலே நிற்கும்போது அவ்வளவு எடையையும் கால் மட்டுமே தாங்க வேண்டும். ஃப்ரீஸ்டைலில் நீ அடிக்கும் கால் உன்னை முன்னால் தள்ளுவதற்கு ஏற்றது. நிமிர்ந்து நிற்கையில் அது பெரிதாகத் தூக்கிக் கொடுக்காது. அதனால் உன்னை அறியாமலே இரண்டு கையாலும் தண்ணீரைத் தடவித் தடவித்தான் மிதந்துகொண்டிருப்பாய். பந்து வருகிறது, ஒரு கையை மேலே எடுக்கிறாய், தாங்கிக்கொண்டிருந்த கைகளில் ஒன்று போய்விடுகிறது, வாய் வரை தண்ணீர் ஏறுகிறது. அந்த நொடியில் உடம்பு செய்யும் முதல் காரியம் பந்தை ஒழித்துக்கட்டுவது. கோழைத்தனம் என்று நீ எண்ணுவது மூழ்கப்போகும் உடம்பின் அனிச்சைச் செயல்தான். நீச்சலில் உனக்குப் பின்னால் வரும் பெண் இதில் நன்றாக ஆடுகிறாள் என்றால், அவளுக்கு அநேகமாக பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கால், அதாவது தவளைபோல் உதைக்கும் கால், நன்றாக வரும். விசாரித்துப் பார்.

கால் பயிற்சிக்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்குவதற்கு இரத்தசோகையும் காரணமாக இருக்கலாம். உன் வயதுப் பெண்களிடம் இது மிகச் சாதாரணம். அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள். உன் வயதுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்று கணக்கு. அப்படியிருந்தால் மருத்துவர் சொல்லும் இரும்புச் சத்து மாத்திரையைத் தொடங்கு, கோச்சிடமும் சொல்லிவிட்டுப் பயிற்சி அளவைக் குறைத்துக்கொள். மாத்திரை போட்ட கையோடு டீ, காபி குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி. இதைப் பார்க்காமல் எட்டு வாரம் காலை அடித்துக்கொண்டிருந்தால் களைப்புதான் மிஞ்சும்.

இனி கால். இந்த விளையாட்டில் எல்லோரும் எக்பீட்டர் என்று சொல்லும் உதையை நீ அரைகுறையாகத்தான் கற்றிருப்பாய். வேகமாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர்கள் இதைத் தனியாகச் சொல்லிக் கொடுப்பது குறைவு, தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். வராது. நாற்காலியில் உட்கார்ந்தது போன்ற நிலையில் முதுகு நேராக, முட்டி இரண்டும் தோளைவிட அகலமாக, தொடை ஏறக்குறைய நீர்மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும். முட்டிக்குக் கீழே உள்ள கால் இரண்டும் எதிரெதிர்த் திசையில், ஒன்று மாற்றி ஒன்று, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல் வட்டம் போட வேண்டும். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, கணுக்காலை மடக்கி, உள்ளங்காலாலும் காலின் உட்பக்கத்தாலும் தண்ணீரை உள்நோக்கிக் கீழே தள்ளு. ஒரு கால் தள்ளும்போது மற்ற கால் திரும்பி வருகிறது. அதனால்தான் உடம்பு ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் நிற்கும்.

பழகும் வரிசையை மாற்றாதே. முதல் வாரம் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டு, ஒவ்வொரு காலாக 20 சுற்று. இரண்டு காலும் எப்படிப் போகின்றன என்று கண்ணால் பார்க்க முடிகிற ஒரே கட்டம் இதுதான், அவசரப்படாதே. பிறகு சுவரை ஒரு கையால் பிடித்தபடி ஒரு நிமிடம், ஐந்து முறை. அது பழகியதும் சுவரை விட்டு, கைகளை நீர்மட்டத்துக்குக் கீழே இடமும் வலமும் தடவிக்கொண்டு 30 நொடி, ஆறு முறை, இடையில் 30 நொடி ஓய்வு. அடுத்து மணிக்கட்டு வரை கை வெளியே, அதற்கடுத்து முழங்கை வரை வெளியே, கடைசியில் இரண்டு கையும் தலைக்கு மேலே. கடைசிக் கட்டம் முதல் நாள் 10 நொடிகூட நிற்காது. நிற்காவிட்டால் பரவாயில்லை, வாரத்துக்கு ஐந்து நொடி கூட்டு. வாரம் நான்கு நாள், நாளுக்கு 20 நிமிடம் என்றால் எட்டு வாரத்தில் கை இரண்டையும் தூக்கி 30 நொடி நிற்கலாம். அதன்பின் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு செய். பாட்டில் தண்ணீருக்குள் இருந்தால் எடையே தெரியாது, மேலே தூக்கிவிட்டால் முழு ஒரு கிலோ. போட்டிப் பந்தின் எடை 400 முதல் 450 கிராம்தான், அப்போது அது இலேசாகத் தெரியும்.

எங்கே தவறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு மேலும் கீழும் குதித்தால் இரண்டு காலும் ஒன்றாக உதைக்கின்றன என்று அர்த்தம். எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் மேலே வர முடியவில்லையென்றால் கால்விரல் நீட்டியிருக்கும், தண்ணீர் பிடிபடாது. முன்னால் முன்னால் நகர்ந்துகொண்டே போனால் இடுப்பை வளைத்துக் குனிகிறாய். முட்டியின் உட்பக்கம் வலித்தால் இடுப்பிலிருந்து சுற்றாமல் முட்டியைத் திருகுகிறாய். அந்த வலியைப் பொறுத்துக்கொண்டு செய்யாதே. அளவைப் பாதியாக்கி, மறுபடி விளிம்பில் உட்காரும் கட்டத்துக்குப் போ. இடுப்பும் கணுக்காலும் இறுகியிருப்பவர்களுக்கே இது அதிகம் வரும். வீட்டில் குதிகால் தரையில் பதிய, நாளைக்கு ஐந்து நிமிடம் குந்தி உட்கார். பாத்திரம் கழுவுவதானாலும் பூ கட்டுவதானாலும் குந்தி உட்கார்ந்தே செய்த பாட்டிக்கு இந்தப் பிரச்சினை இருந்திருக்காது.

இன்னொரு இடத்திலும் நம் ஊர்ப் பிள்ளைகள் சறுக்குவார்கள். நம் பக்கத்துக் குளங்களில் ஒரு முனை ஆழம் குறைவு. களைத்ததும் கால்விரல் தரையைத் தேடும், ஒரு தட்டுத் தட்டி மேலே எழும்பும். பயிற்சியில் யாரும் கண்டுகொள்வதில்லை. போட்டி நடக்கும் குளத்தின் ஆழம் 1.8 மீட்டருக்குக் குறையாது. தரையைத் தொட்டு எழும்புவது ஃபவுலும்கூட, கோல் கீப்பருக்கு மட்டும் தன் பகுதிக்குள் விலக்கு உண்டு. எனவே எக்பீட்டரை ஆழமான முனையில் மட்டும் செய். கோச் கண்ணெதிரில், சுவருக்கு ஒரு கை தூரத்தில் இருந்தால் போதும்.

அமுக்கினால் வரும் பயத்துக்குப் பாதி மருந்து விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. பந்தைக் கையில் பிடித்திருப்பவரைத்தான் எதிராளி பிடிக்கலாம், இழுக்கலாம், அமுக்கலாம். பந்து கையில் இல்லாதவரை அப்படிச் செய்தால் அது பெரிய ஃபவுல், செய்தவரைச் சுமார் 20 நொடிக்கு வெளியே அனுப்புவார்கள். மூன்று முறை அப்படி வாங்கினால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. ஆகவே பின்னாலிருந்து தோளில் எடை விழுகிறது, எறிய இடமில்லை என்றால் பந்தை விட்டுவிடு. உன் முன்னால் தண்ணீரில் மிதக்கட்டும். கையை உயர்த்தி நீ பந்தைப் பிடித்திருக்கவில்லை என்று காட்டு. அதன்பிறகும் அவர் உன்மேலேயே இருந்தால் விசில் உன் பக்கம். புதிதாக ஆடுபவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள்: பயத்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள், பந்தும் தண்ணீருக்குள் போகும், அது அவர்கள் கணக்கில் ஃபவுல் ஆகிப் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

மீதிப் பாதிக்குப் பழக்கம்தான் மருந்து. நீ நம்பும் ஒரு தோழியைத் துணைக்கு வைத்துக்கொள். அவள் உன் இரண்டு தோளிலும் கை வைத்து இரண்டு நொடி மட்டும் அமுக்க வேண்டும். நீ எதிர்த்துத் தள்ளாமல் மூக்கு வழியாக மெதுவாகக் காற்றை விட்டபடி கீழே போ, அங்கேயே பக்கவாட்டில் திரும்பு, ஒரு கை தூரம் தள்ளி வெளியே வா. மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் அவள் கையில் இரண்டு தட்டு, அவள் உடனே விட்டுவிட வேண்டும். நாளைக்கு ஐந்தாறு முறைக்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் கழித்து மூன்று நொடி, அடுத்து நான்கு. எப்போது விடச் சொல்வது என்பது உன் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் பதற்றம் சீக்கிரம் குறையும். அமுங்கும்போது பயம் அதிகமாவதற்கு, மேலே வரத் துடித்துக் கால்களைத் தாறுமாறாக அடித்து இருக்கிற மூச்சையும் செலவழிப்பதே காரணம். ஒரு எச்சரிக்கை: மூச்சடக்கும் போட்டி வைக்காதே. வேகவேகமாக நிறைய மூச்சை இழுத்துவிட்டுக் கீழே போனால் மூச்சு வேண்டும் என்ற உணர்வே வராமல் நினைவு தப்பிவிடும். நல்ல நீச்சல்காரர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். தனியாகச் செய்யவே கூடாது.

இப்போது பந்து. அது உன்னிடம் வந்தபிறகு யோசித்தால் தாமதம். வருவதற்கு முன்பே மூன்று விஷயம் பார்த்திருக்க வேண்டும்: கோல் கீப்பர் எங்கே, என்னைக் காவல் காப்பவர் எந்தப் பக்கம், நம் அணியில் யார் தனியாக இருக்கிறார். கால் தாங்கினால்தான் தலையைத் திருப்பிப் பார்க்க முடியும், அதனால்தான் காலை முதலில் வைத்தேன். விரல்களை விரித்து, பந்து படும்போது கையை அதே வேகத்தில் பின்னால் கொண்டுபோய் வாங்கு. விறைப்பாகக் கை வைத்தால் பந்து தெறிக்கும். இரண்டு கையால் தொடக் கூடாது என்ற விதி உனக்குத் தெரியும். பெண்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர், ஆண்களுடையது 68 முதல் 71. பையன்களோடு சேர்ந்து பழகும்போது பெரிய பந்தே கையில் கொடுக்கப்படுகிறதா என்று பார். நழுவுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கேட்டால் சிறியதைக் கொடுப்பார்கள்.

எறியும்போது முழங்கை தோள்மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. வலக்கைக்காரிக்கு இடத்தோள் கோலை நோக்கியும் இடக்கால் முன்னாலும் இருக்கட்டும். காலால் எழும்பி, இடுப்பைத் திருப்பி, அந்தத் திருப்பத்தோடு கை வரட்டும். வெறும் கையால் வீசினால் பந்து மிதந்து போகும், இரண்டே மாதத்தில் தோள் பிடித்துக்கொள்ளும். தரையிலேயே பழகலாம்: சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று ஒரு கையால் 30 எறிந்து ஒரு கையாலேயே வாங்கு. தண்ணீரில் மூன்று மீட்டர், ஐந்து, எட்டு என்று தூரத்தைக் கூட்டு. கையில் வாங்கும் பாஸ் பத்துக்கு எட்டு பிடிபடும்வரை தூரத்தைக் கூட்டாதே.

பதறித் தள்ளிவிடும் பழக்கத்துக்கு ஒரு கட்டுப்பாடு. பயிற்சி ஆட்டத்தில் பந்து வந்தால் கோலை ஒருமுறை பார்க்காமல் பாஸ் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொள். அந்த ஒரு பார்வைக்கு ஆகும் நேரம் ஒரு நொடி. ஆட்டம் முடிந்ததும் நோட்டில் மூன்று எண்ணிக்கை எழுது: எத்தனை முறை பந்தைக் கேட்டேன், எத்தனை முறை கோலைப் பார்த்தபின் கொடுத்தேன், எத்தனை முறை கோலை நோக்கி எறிந்தேன். எத்தனை கோல் என்று எழுதாதே. கோல் விழுவது கோல் கீப்பரையும் பொறுத்தது, மற்ற மூன்றும் முழுக்க உன் கையில் இருப்பவை. நாலைந்து வாரத்தில் எண்ணிக்கை ஏறுவது உனக்கே தெரியும். அந்த நோட்டைப் பார்த்து வரும் நம்பிக்கை, "உன்னால் முடியும்" என்று நாலு பேர் தட்டிக்கொடுத்து வருவதைவிட நீடிக்கும் என்பது என் கருத்து.

எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று நீ எழுதவில்லை. கோலுக்கு நேர் முன்னால் நிற்கும் சென்டர் இடம் மல்லுக்கட்டும் இடம், நான்கு மாத அனுபவத்துக்கு அது சரிப்படாது. உன் பலம் வேகம். ஓரமாக, விங்கில் நிறுத்தச் சொல்லிக் கேள். வலக்கைக்காரி என்றால் கோலைப் பார்த்து நிற்கும்போது இடப்பக்கம், எறியும் கை நடுக்குளத்தை நோக்கி வரும், கோலும் அகலமாகத் தெரியும். பந்து கை மாறியதும் எதிர்முனைக்குப் பாய்ந்தோடும் எதிர்த்தாக்குதலில் உன்னைப் பிடிக்க ஆள் இருக்காது. அதற்கு மட்டும் தலையை வெளியே வைத்து நீந்தப் பழக வேண்டும். முகவாய் நீர்மட்டத்தில், கை வீச்சு குட்டையாக, முழங்கை உயர்ந்து, பந்து இரு கைக்கும் நடுவே அலையில் உருண்டு வரட்டும். தலை தூக்கினால் கால் தாழும், உதை பலமாக வேண்டும். 25 மீட்டரில் 15 தலை தூக்கி, 10 வழக்கம்போல், எட்டு முறை, இடையில் 30 நொடி. முழுத் தூரமும் தலை தூக்கியே போனால் மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாது.

குரல் எழவில்லை என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேசாத பெண்ணிடம் "வாயைத் திற" என்றால் என்ன சொல்வாள்? அணியாகச் சேர்ந்து மூன்றே சொற்களை முடிவு செய்துகொள்ளுங்கள். "தனி" என்றால் என்னைக் காக்க ஆளில்லை, கொடு. "பின்னால" என்றால் உன் முதுகில் ஆள் வருகிறார். "எறி" என்றால் நேரம் முடிகிறது. பந்து கைக்கு வந்த அணி அரை நிமிடத்துக்குள் கோலை நோக்கி எறிய வேண்டிய ஆட்டம் இது, வாக்கியம் பேச யாருக்கும் நேரமில்லை. மூன்றாவது சொல்லை உன் பொறுப்பாக எடுத்துக்கொள். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வதுதானே, தவறாகிவிடுமோ என்ற பயம் இருக்காது. இரண்டு வாரத்தில் மற்ற இரண்டும் கூடவே வரும். குளத்தில் கத்தப் பழகினால் வகுப்பில் எழுந்து பேச வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி உறுதி கொடுக்க மாட்டேன், அது தானாக நடப்பதில்லை. உனக்கு எக்பீட்டர் பிடிபட்டதும் ஒரு ஜூனியருக்குச் சொல்லிக் கொடு. தெரிந்ததை இன்னொருவருக்குப் புரியும்படி விளக்குவதுதான் வகுப்பறைக்கும் மேடைக்கும் கை கொடுக்கும்.

கோச் திட்டுவது ஆட்டத்தைப் பற்றி இருக்கும்வரை பொறுத்துக்கொள்ளலாம். உடம்பைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ பேசினாலும், தேவையில்லாமல் தொட்டாலும் வீட்டில் உடனே சொல். 1098 என்ற எண் குழந்தைகளுக்கானது, 18 வயது ஆகும்வரை உனக்கும் சேர்த்துத்தான்.

சில சில்லறை விஷயங்கள். ஆட்டத்துக்கு முன் ரெஃப்ரி நகத்தைப் பார்ப்பார், ஒட்ட வெட்டியிரு. உடம்பில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது என்பது விதி. அம்மா காலையில் தலைக்கு வைத்துவிடும் தேங்காயெண்ணெய் வழிந்தால் பந்து எல்லோர் கையிலும் நழுவும், இரவில் வைத்துக்கொண்டு காலையில் அலசிவிடு. ஆட்டத்தில் நீச்சல் கண்ணாடி போட முடியாது. அதனால் பயிற்சியிலும் கடைசிப் பதினைந்து நிமிடம் அது இல்லாமல் இரு. தொளதொள டி-ஷர்ட், லெக்கிங்ஸ் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், எதிராளி கைக்கும் பிடி கொடுக்கும். முட்டிவரை வந்தாலும் இறுகப் பிடிக்கும் நீச்சலுடையாக இருக்கட்டும். தொப்பியில் காதுக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடி, பந்தோ கையோ பட்டுக் காதுச்சவ்வு கிழியாமல் இருப்பதற்காக. பயிற்சியிலும் கழற்றாதே. காதில் தண்ணீர் போனால் தலையைச் சாய்த்து வடியவிடு, பட்ஸ் விட்டுக் குடையாதே. மாதவிடாய் நாட்களில் சானிட்டரி நாப்கினோடு தண்ணீரில் இறங்குவது சரிப்படாது. கப், டாம்பான் பழக்கமிருந்தால் இறங்கலாம், இல்லையென்றால் அந்த நாட்களைத் தரைப்பயிற்சிக்கு வைத்துக்கொள். கூச்சமின்றிக் கோச்சிடம் "இன்று தரை" என்று சொன்னால் போதும்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் தேவையில்லை. பயிற்சிக்கு முக்கால் மணி முன் ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு இட்லி. முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் முழுச் சாப்பாடு. எடை 50 கிலோ என்று வைத்தால் நாளைக்கு 70 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20, ஒரு முட்டையில் 6, ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் 14 கிராம். உங்கள் ஊரில் மத்தியும் நெத்திலியும் கிடைக்கும்போது டப்பாவில் விற்கும் புரதப் பவுடருக்குக் காசு கொடுக்க வேண்டாம். தண்ணீருக்குள்ளேயே இருந்தாலும் வியர்க்கும், அக்னி நட்சத்திர நாட்களில் குளத்து நீரே சூடாக இருக்கும். கரையில் ஒரு லிட்டர் பாட்டில் வைத்து, ஒவ்வொரு ஓய்விலும் நாலு வாய் குடி.

கடலில் பழகலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். உப்பு நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது, அதில் மிதப்பு எளிது. கடலில் நன்றாக வரும் எக்பீட்டர் குளத்தில் இரண்டு விரற்கடை தாழ்த்திவிடும். அதைவிட முக்கியம், தேவனாம்பட்டினத்தில் பிறந்தவளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: கெடிலமும் பெண்ணையாறும் கடலில் சேரும் இடங்களில் இழுப்பு நாளுக்கு நாள் மாறும். நிமிர்ந்து மிதக்கும்போது கரையைவிட்டு எவ்வளவு தூரம் போகிறோம் என்று தெரியாது. சில்வர் பீச்சில் மணலில் ஓடு, தண்ணீர்ப் பயிற்சிக்குக் குளத்துக்கு வா.

அப்பாவுக்கு என்ன சொல்வது? இது ஏதோ புதுப் பொழுதுபோக்கு என்று அவர் நினைத்தால், 1951ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் வாட்டர் போலோ தங்கம் இந்தியாவுக்குத்தான் என்று சொல். அதே போட்டியில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கிய சச்சின் நாக் அந்த அணியிலும் இருந்தார். உன்னைப் போலவே வேக நீச்சல்காரர். 1982 டெல்லியில் வெண்கலம் கிடைத்தது. அதன்பின் நாம் தேய்ந்துபோனதையும் மறைக்காதே. ஒலிம்பிக்கில் ஆண்கள் 1900ல் ஆடத் தொடங்கிய இந்த ஆட்டம் பெண்களுக்கு 2000ல்தான் வந்தது. ஆனால் வேலை, கல்லூரி இட ஒதுக்கீடு என்று மட்டும் அவரிடம் பேசாதே. எந்தப் போட்டியின் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்பது ஆண்டுக்காண்டு வெளியாகும் அறிவிப்பைப் பொறுத்தது. மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் நேரில் போய்க் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீச்சலையும் விட்டுவிடாதே. மாவட்ட அளவில் நீச்சலுக்குத் தனிநபர் போட்டிகள் நடக்கின்றன, வாட்டர் போலோவுக்கோ முழு அணி சேர வேண்டும். தண்ணீரில் ஏழு பேர், அதற்குமேல் மாற்று ஆட்களும் வேண்டும். நம் பக்கத்தில் பெண்கள் அணி சேர்ப்பதே பெரும்பாடு.

அவருக்கு வேண்டியது ஒரு கால அட்டவணையாக இருக்கும், அதை எழுதிக் கொடு. இந்த ஆண்டு வாரம் நான்கு நாள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் குளம் பல நாள் கிடைக்காது, இடி மின்னல் என்றால் திறந்திருந்தாலும் இறங்கக் கூடாது. அந்த நாட்களில் சுவரில் பந்தெறிதல், 12 எண்ணிக்கையில் மூன்று முறை உட்கார்ந்தெழுதல், முன்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பிளாங்க் 30 நொடி, மூன்று முறை. பிளஸ் டூ வந்ததும் மூன்று நாளாகக் குறை. அந்த ஆண்டு ஜனவரி முதல் தேர்வு முடியும்வரை வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம், ஆட்டம் கிடையாது, எக்பீட்டரும் இலேசான நீச்சலும் மட்டும்.

எந்த மாதத்திலும் விடக் கூடாதது தோள் பயிற்சி. பழைய சைக்கிள் ட்யூபை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முழங்கை உயரத்தில் கட்டு. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நில், இழுக்கும் கை ஜன்னலிலிருந்து தள்ளி இருக்கும் கையாக இருக்கட்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி, ஒரு துண்டை மடித்து இடையில் வைத்து, முன்கையை மட்டும் வயிற்றிலிருந்து வெளிப்பக்கம் இழுத்து மெதுவாகத் திரும்ப விடு. கைக்கு 15 எண்ணிக்கை, இரண்டு முறை. துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று அர்த்தம், ட்யூபைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டிக்கொண்டு மறுபடி செய். படிப்புக்கு நடுவே பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.